ஆய்வுக் கட்டுரை யாருக்காக? – திறந்த அணுக்கம் பற்றிய ஓர் அறிமுகம்

மேற்கு ஆபிரிக்காவின் கரையோரத்தில் லைபீரியா என்றொரு சிறிய நாடு உண்டு. 2014 ஆம் ஆண்டு அங்கு எபோலா நோய் பரவியது. நோய் அடங்குவதற்கிடையில் லைபீரியாவில் மட்டும் 4,800 இற்கும் மேற்பட்டோர் இறந்து போயினர். அயல் நாடுகளான கினியையும் சியரா லியோனையும் சேர்த்தால் அந்தத் தொகை 11,000 ஐத் தாண்டும். நோயாளரைத் தொட்டுப் பராமரித்த வைத்தியர்களும் தாதியரும் நூற்றுக்கணக்கில் இறந்தவர்களுள் அடங்குவர்.

எபோலா வைரசு முதன்முதலாக 1976 இல் அன்றைய சயர் நாட்டிலும் சூடானின் தென்பகுதியிலும் இனங்காணப்பட்டது. ஆகவே, அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் மேற்குக் கரையில் அது வெடித்துக் கிளம்பியபோது, இது எவருமே எதிர்பாராத ஒன்று எனப் பலரும் சொன்னார்கள்.

அது முழு உண்மையன்று. லைபீரிய சுகாதார அமைச்சின் பிரதான மருத்துவ அதிகாரியாக இருந்த பேர்னிஸ் டான் என்ற பெண்மணி, 2015 ஏப்ரலில் தன் சகாக்கள் இருவருடன் சேர்ந்து நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 1982 இலேயே ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் லைபீரிய மக்களிடம் பெற்ற குருதி மாதிரிகளைப் பரிசோதித்திருந்தனர் என்பதை அதில் அவர் வெளிப்படுத்தினார். அந்த மாதிரிகள் சிலவற்றில் எபோலா வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தன. எனவே, எபோலா நிலைகொண்டுள்ள வலயத்தினுள் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்றும், அங்குள்ள சுகாதார நிலையங்களில் பணியாற்றுவோர் இந்நோயை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதினர். எழுதியது ஓர் ஐரோப்பிய வைரசியல் சஞ்சிகையில்.

லைபீரியாவில் பொறுப்பிலிருந்தவர்களுக்கு அந்தக் கட்டுரையைப் பற்றித் தெரியவே இல்லை. எழுதியவர்களுள் லைபீரியர் ஒருவர்கூட இருக்கவில்லை. மாதிரிகள் கப்பலேறின, முடிவுகள் திரும்பி வரவில்லை. 2015 இலும்கூட அத்தகைய கட்டுரை ஒன்றை இணையத்திலிருந்து தரவிறக்க 45 டொலர் செலுத்த வேண்டியிருந்தது என்றும், அது லைபீரிய வைத்தியர் ஒருவரின் ஏறத்தாழ அரை வாரச் சம்பளம் என்றும் பேர்னிஸ் டான் எழுதினார்.

குருதி அந்த நாட்டு மக்களுடையது. அது சொன்ன செய்தியை அவர்களே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

45 டொலர் இல்லாமையால்தான் இத்தனை உயிர்கள் போயின என்று நான் எழுதினால் அது மிகையாகிவிடும். பணம் கட்டிப் படிக்கக்கூடிய ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்களும் அந்தப் பழைய கட்டுரையை மறந்துதான் இருந்தார்கள். லைபீரியாவில் போதிய ஆய்வுகூடங்கள் இருக்கவில்லை, போதிய வைத்தியர்கள் இருக்கவில்லை. ஆனால், ஓர் எச்சரிக்கையை அது யாருக்குரியதோ அவர் படிக்க முடியாத இடத்தில் வைப்பது எத்தகைய ஏற்பாடு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகளே தேடிக்கொண்ட விடைதான் ‘திறந்த அணுக்கம்’. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் விடுவதே அதன் பொருள்.

இதை எமது கல்லூரிச் சஞ்சிகையில் எழுத ஒரு காரணமுண்டு. விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகள் செயற்றிட்டப் போட்டிக்காகத் தகவல் தேடும் காலத்தில், “டீச்சர், உள்ளுக்குப் போக முப்பத்தொன்பது டொலர் கேட்குது” என்று என்னிடம் வந்து சொல்வது வழக்கம். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் தருகிற விடை, “அதை எழுதின ஆளுக்கு” என்பதாகும். பெற்றோர் பலரும் அவ்வாறே நினைக்கின்றனர். கதைப் புத்தகம் எழுதுபவருக்குப் பதிப்பகம் பணம் தருவதுபோல இதுவும் இருக்கும் என எண்ணுவது இயல்புதான். உண்மை வேறு.

ஒரு விஞ்ஞானி ஆய்வு செய்கிறார். அவருடைய சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. கருவிகளுக்கும் இரசாயனப் பொருட்களுக்கும் அரசாங்கமோ ஒரு நிதியமோ பணம் தருகிறது. ஆய்வு முடிந்ததும் கட்டுரையை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்புகிறார். சஞ்சிகை அதை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று விஞ்ஞானிகளுக்கு அனுப்பி, பிழை உண்டா, முடிவுகள் தரவுகளுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. இதுவே சக ஆய்வாளர் மதிப்பீடு. இதற்கும் அவர்கள் ஊதியம் பெறுவதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் எழுதியவர் பதிப்புரிமையைச் சஞ்சிகைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதற்காக அவருக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை. பின்னர் அந்தச் சஞ்சிகையை அதே விஞ்ஞானியின் பல்கலைக்கழக நூலகம் பெருந்தொகை சந்தா கட்டி வாங்குகிறது. முப்பத்தொன்பது டொலர் பதிப்பகத்துக்கு மட்டுமே உரியது.

பதிப்பகத்தாரைத் திட்டித் தீர்ப்பது எளிது. அவர்களும் வேலை செய்கிறார்கள்: மதிப்பீட்டை ஒழுங்கு செய்வது, செம்மைப்படுத்துவது, பக்கம் அமைப்பது, பல்லாண்டு காலம் பாதுகாப்பது எல்லாவற்றுக்கும் செலவுண்டு. ஆனால், அந்தச் செலவுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. உலகின் மிகப் பெரிய ஆய்வுப் பதிப்பகமான எல்சேவியரின் இலாபம் பல ஆண்டுகளாக அதன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்து வந்துள்ளது. மூலப்பொருளும் இலவசம், தரப் பரிசோதனையும் இலவசம் என்றால் எந்த வியாபாரியும் அப்படிச் சம்பாதிக்கலாம். 2012 இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகம், ஆண்டுதோறும் சஞ்சிகைகளுக்கு 37.5 இலட்சம் டொலர் செலவாகிறது, சில சஞ்சிகைகளின் ஆண்டுச் சந்தா 40,000 டொலரை எட்டிவிட்டது, இதைத் தொடர்ந்து தாங்க முடியாது என்று தன் பேராசிரியர்களுக்கு அறிவித்தது. உலகின் மிகச் செல்வமுள்ள பல்கலைக்கழகங்களுள் ஒன்றே அப்படிச் சொன்னதென்றால், மற்ற நாடுகளின் நூலகங்களைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

தொடக்கம் இவ்வாறு இருக்கவில்லை. முதலாவது விஞ்ஞான சஞ்சிகைகளுள் ஒன்றை 1665 மார்ச்சில் இலண்டனில் ஹென்றி ஓல்டன்பேர்க் என்பவர் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். அவர் றோயல் சொசைற்றி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தின் செயலாளர். அதுவரை விஞ்ஞானிகள் தாம் கண்டதைக் கடிதங்களில் எழுதி நண்பர்களுக்கு அனுப்பி வந்தனர். சிலர் மறைத்தும் வைத்தனர். கண்டதை அச்சில் பகிரங்கப்படுத்தினால் கண்டுபிடித்தவர் என்ற பெயரும் நிலைக்கும், மற்றவர்களும் அதன்மேல் கட்டி எழுப்பலாம் என்பதே ஓல்டன்பேர்க்கின் எண்ணம். அந்தச் சஞ்சிகை இன்றும் வெளிவருகிறது. அதன் 1665 ஆம் ஆண்டு இதழை இன்று எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அச்சும் கடதாசியும் தபாலும் செலவாக இருந்த காலத்தில் விலை வைப்பது நியாயமாகவே இருந்தது. இணையம் வந்த பின்னர் ஒரு பிரதியை இன்னொருவருக்கு அனுப்ப ஏறக்குறைய செலவே இல்லை. விலை மட்டும் இறங்கவில்லை.

இந்த முரண்பாட்டை முதலில் செயலால் உடைத்தவர்கள் பௌதிகவியலாளர்கள். 1991 ஓகஸ்ட்டில் பௌல் கின்ஸ்பார்க் என்ற பௌதிகவியலாளர், அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஒரு கணினியை ஒழுங்குபடுத்தி, சஞ்சிகையில் வெளிவருவதற்கு முன்னரே கட்டுரைகளை அதில் இடவும் எடுக்கவும் வழி செய்தார். அதுவே இன்று ஆர்க்கைவ் எனப்படும் களஞ்சியம். கணிதம் படிக்கும் மாணவிகளுக்கு அதைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. நூறாண்டு காலமாக எவராலும் நிறுவ முடியாதிருந்த புவான்காரே அனுமானத்தின் நிறுவலை ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் 2002, 2003 ஆம் ஆண்டுகளில் அங்கேதான் மூன்று கட்டுரைகளாக இட்டார். எந்தச் சஞ்சிகைக்கும் அவற்றை அனுப்பவில்லை. உலகெங்கும் உள்ள கணிதவியலாளர்கள் அவற்றைத் தரவிறக்கி வரி வரியாகச் சரிபார்த்தனர். பின்னர் அவர் பீல்ட்ஸ் பதக்கத்தையும் பத்து இலட்சம் டொலர் பரிசையும் வேண்டாமென்று சொன்னது வேறு கதை.

உயிரியல், மருத்துவத் துறைகளில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1989 இல் நோபல் பரிசு பெற்ற ஹரோல்ட் வார்மஸ், பட்ரிக் பிரவுண், மைக்கல் ஐசன் ஆகிய மூவரும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். கட்டுரைகள் வெளியாகி ஆறு மாதத்தினுள் அவற்றைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்காத சஞ்சிகைகளுக்கு இனி எழுத மாட்டோம் என்பது அதன் சாரம். பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 34,000 விஞ்ஞானிகள் கையொப்பமிட்டனர். சஞ்சிகைகள் பெரும்பாலும் அசையவில்லை. கையொப்பமிட்டவர்களும் பழைய சஞ்சிகைகளுக்கே எழுதிக்கொண்டிருந்தனர்! பதவி உயர்வு, பெயர், அடுத்த ஆய்வுக்கான நிதி எல்லாம் எந்தச் சஞ்சிகையில் எழுதினார் என்பதில் தங்கியிருக்கும்போது கையொப்பம் இடுவது இலகு, விலகி நிற்பது கடினம். ஆகவே அந்த மூவரும் தாமே ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினர். 2003 ஒக்டோபரில் அதன் முதற் சஞ்சிகை எவரும் படிக்கத்தக்கதாக வெளிவந்தது.

இதற்கிடையில் 2001 டிசம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. அங்கு உருவான பிரகடனம் 2002 பெப்ரவரியில் வெளியானது. ‘திறந்த அணுக்கம்’ என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள் அதிலிருந்து வருகிறது. காசில்லாமல் படிப்பது மட்டுமல்ல. தரவிறக்கலாம், பிரதியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அச்சிடலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் சொன்னதைத் திரிக்கக் கூடாது என்பவையே நிபந்தனைகள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், தாம் நிதியளித்த ஆய்வின் கட்டுரைகள் பன்னிரண்டு மாதங்களுக்குள் பப்மெட் சென்ட்ரல் என்னும் இலவசக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என 2008 இல் கட்டாயப்படுத்தின. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வை மக்கள் இரண்டாம் தடவை பணம் கொடுத்து வாங்கலாமா என்பதே அதன் பின்னிருந்த வாதம்.

சரி, வாசகர் பணம் கட்டாவிட்டால் செலவை யார் ஏற்பது? இந்த இடத்தில்தான் பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. எழுதியவரே தன் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இட்டுவிடுவது ஒரு வழி. இதனைப் பச்சை வழி என்பர். சஞ்சிகை முழுவதையும் திறந்துவிட்டு, கட்டுரை ஏற்கப்பட்டதும் எழுதியவரிடம் கட்டணம் வாங்குவது பொன் வழியில் பெரும்பாலும் நடப்பது. பெயரே சொல்கிறது, பொன் மலிவல்ல! நேச்சர் என்ற புகழ்பெற்ற சஞ்சிகை 2021 இல் இந்த முறையில் கேட்ட கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. ஐரோப்பிய ஆய்வாளருக்கு அவருடைய நிதியம் கட்டும். எமது நாட்டுப் பல்கலைக்கழக விரிவுரையாளர் யாரிடம் கேட்பார்? வறிய நாடுகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்கிறார்கள். ஆனால் அது எல்லா நாடுகளுக்கும் எல்லாச் சஞ்சிகைகளிலும் கிடைப்பதில்லை. முன்பு வாசிக்க முடியாமல் வெளியே நின்றவர் இப்போது எழுத முடியாமல் வெளியே நிற்கும் நிலை இது. இதை ஒரு முன்னேற்றமாக மட்டும் காட்டுபவர்களை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இலத்தீன் அமெரிக்க நாடுகள் வேறு வழியில் போயின. பிரேசிலில் 1990 களின் பிற்பகுதியில் சியேலோ என்ற பொது இணையக் களம் அரச ஆய்வு நிதியின் துணையுடன் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் நடத்தும் சஞ்சிகைகள் அங்கு போர்த்துக்கேய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. வாசகரிடம் கட்டணம் இல்லை. பெரும்பாலான சஞ்சிகைகளில் எழுதுபவரிடமும் பெரிய கட்டணம் இல்லை. இரு பக்கமும் கட்டணம் இல்லாத முறையை வைர வழி என்கின்றனர். எமது நாட்டிலும் தேசிய விஞ்ஞான மன்றம் பராமரிக்கும் இலங்கைச் சஞ்சிகைகள் இணையக் களத்தில் இலங்கை மருத்துவச் சஞ்சிகை உட்படப் பல ஆய்விதழ்கள் திறந்தே கிடக்கின்றன. இதை அறியாமல் பிற நாட்டுச் சஞ்சிகைகளின் பூட்டிய வாசலில் நின்று கொண்டிருக்கும் பிள்ளைகள் அநேகர்.

எழுதுபவரிடம் பணம் வாங்கலாம் என்றதும் போலிகளும் புகுந்துகொண்டன. பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைகளின் உம்மாமாரும் வாப்பாமாரும் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். “உங்கள் சிறந்த ஆய்வை எமது சர்வதேசச் சஞ்சிகையில் ஐந்தே நாளில் வெளியிடுகிறோம்” என்று மின்னஞ்சல்கள் வரும். மதிப்பீடு எதுவும் நடக்காது; பணம் கட்டினால் எதையும் போடுவார்கள். 2013 இல் ஜோன் பொஹனன் என்ற விஞ்ஞான எழுத்தாளர், புற்றுநோய்க்கு எதிரான ஒரு மூலக்கூறு பற்றி, வேண்டுமென்றே பாரிய பிழைகளைப் புகுத்திய போலிக் கட்டுரை ஒன்றைத் தயாரித்து, 304 திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் அதை ஏற்றுக்கொண்டன. அவர் சந்தா வாங்கும் சஞ்சிகைகளைச் சோதிக்கவில்லை, ஆகவே ஒப்பிட முடியாது என்று சிலர் குறை கூறினர். அது நியாயமான குறைதான். ஆயினும், ‘திறந்தது’ என்பதும் ‘நம்பத்தக்கது’ என்பதும் ஒன்றல்ல என்பதற்கு அந்த 157 போதும். ஒரு சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் உண்மையான ஆய்வாளர்கள் உள்ளனரா, மதிப்பீட்டு முறை எழுதப்பட்டுள்ளதா, திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விவரக் கொத்தில் அதன் பெயர் உண்டா என்று பார்ப்பதற்கு அரை மணித்தியாலம் போதும்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். திறந்து விடுவது ஒன்று, இரங்கித் தருவது வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களுடன் பேசி, 2002 இல் ஹினாரி என்ற திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்த நாடுகளின் பதிவு செய்த நிறுவனங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகள் அதன் மூலம் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்கின்றன. நல்ல திட்டம், பலர் பயனடைந்துள்ளனர். ஆனால், 2011 ஜனவரியில் பங்களாதேசத்துக்கு ஒரு செய்தி வந்தது: சில பதிப்பகங்கள் தமது சஞ்சிகைகளை விலக்கிக் கொள்கின்றன, ஏறத்தாழ 2,500 சஞ்சிகைகள் இனிக் கிடையாது என்று. மருத்துவ உலகில் கண்டனம் எழுந்த பின்னரே மீண்டும் திறந்தனர். கொடுத்தவர் மனம் மாறினால் நின்றுவிடும் ஒன்றை நம்பி ஒரு நாட்டின் வைத்தியசாலைகள் இருக்க முடியாது.

முற்றாகத் திறந்தபோது என்ன நடக்கும் என்பதையும் எம் வாழ்நாளிலேயே பார்த்தோம். 2020 ஜனவரி 11 ஆம் திகதி, சீன ஆய்வாளர் ஷாங் யொங்ஷென்னின் குழு கண்டறிந்த கொரோனா வைரசின் மரபணு வரிசை, அவருடன் பணியாற்றிய அவுஸ்திரேலியப் பேராசிரியர் எட்வர்ட் ஹோம்ஸ் மூலம் எவரும் பார்க்கத்தக்கவாறு இணையத்தில் இடப்பட்டது. இரண்டே நாட்களில், வைரசை நேரில் காணாமலே, அந்த வரிசையை வைத்து மொடேர்னா தடுப்பூசியின் வடிவம் தீர்மானிக்கப்பட்டது. பிற்காலத்தில் எம் ஊர்ப் பாடசாலை மண்டபங்களில் வரிசையில் நின்று எந்தத் தடுப்பூசியை ஏற்றிக்கொண்டிருந்தாலும், அவை எல்லாவற்றினதும் பின்னால் விரைவாகப் பகிரப்பட்ட அறிவு இருந்தது.

பூட்டிய கட்டுரை எதிர்ப்பட்டால் மாணவி ஒருவர் என்ன செய்யலாம்? முதலில் கட்டுரையின் சுருக்கத்தைப் படியுங்கள். அது பெரும்பாலும் இலவசம். பாதித் தேவை அதிலேயே தீர்ந்துவிடும். பின்னர் முழுத் தலைப்பையும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் இட்டுத் தேடினால், எழுதியவர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்த பிரதி அகப்படக்கூடும். மருத்துவம், உயிரியல் எனில் பப்மெட் சென்ட்ரல். கணிதம், பௌதிகம் எனில் ஆர்க்கைவ். எதிலும் இல்லாவிட்டால் எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டுரையின் முதற் பக்கத்தில் முகவரி இருக்கும். தன் பிரதியைக் கேட்பவருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பப் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு அனுமதி உண்டு. அவர்களுக்கு அந்தக் கட்டணத்தில் பங்கில்லை. தம் எழுத்தை ஒருவர் கேட்டுப் படிப்பதில் மகிழ்ச்சியே உண்டு. நுளம்புக் குடம்பிகளை உண்ணும் மீன்கள் பற்றித் தேடிய பதினோராம் தர மாணவி ஒருத்தி, கூச்சத்துடன் நான்கு வரி எழுதி அனுப்பினாள். மறுநாளே கட்டுரையும், அதனுடன் கேட்காத வேறு இரண்டு கட்டுரைகளும் வந்து சேர்ந்தன.

சை-ஹப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் என்ற மாணவி, கட்டுரைகளுக்குப் பணம் கட்ட முடியாமல் 2011 இல் தொடங்கிய தளம் அது. கோடிக்கணக்கான கட்டுரைகளை அனுமதியின்றித் தருகிறது. 2017 இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று எல்சேவியருக்கு 150 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்குமாறு அவருக்குத் தீர்ப்பளித்தது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும், சட்டத்தை மீறும் வழியை மாணவிகளுக்கு நான் காட்டுவதில்லை. நேரான வழிகள் எத்தனை உண்டென்று தெரியாமலே அங்கு ஓடுபவர்கள்தாம் அதிகம்.

கடைசியாக, தமிழில் வாசிப்பவர்களான எமக்கென்றே உரிய ஒரு விடயம். திறந்த அணுக்கக் கட்டுரைகள் பலவற்றின் அடியில் ஓர் உரிமம் குறிக்கப்பட்டிருக்கும். கிரியேட்டிவ் கொமன்ஸ் எனப்படும் இந்த உரிமங்களில் மிகத் தாராளமானது, மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், கட்டுரையை மாற்றி அமைக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டுப் பங்கிடலாம் என்கிறது. கடிதம் எழுதி அனுமதி கேட்கவும் தேவையில்லை.

எமது நாட்டின் வடமத்திய மாகாணத்தில், முக்கியமாக நெல் விவசாயிகளிடையே, 1990 களிலிருந்து ஒரு சிறுநீரக நோய் கண்டறியப்பட்டு வருகிறது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களுக்கும் அது வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தினதும் தேசிய விஞ்ஞான மன்றத்தினதும் நிதியுதவியுடன் அதைப் பற்றி நடந்த பெரிய ஆய்வொன்றின் கட்டுரை 2013 இல் ஒரு திறந்த அணுக்கச் சஞ்சிகையில் வெளிவந்தது. அநுராதபுரம், பொலனறுவை, பதுளை மாவட்டங்களின் மக்களிடம் மாதிரிகள் எடுக்கப்பட்டன; ஒப்பீட்டுக்கு அம்பாந்தோட்டை. நோயாளரின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்தது அதன் முடிவுகளுள் ஒன்று. இதை ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர். விவாதம் இன்னும் ஓயவில்லை. லைபீரியாவின் 1982 ஆம் ஆண்டுக் கட்டுரையுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கு எழுதியவர்களுள் இலங்கையரும் உள்ளனர். அநுராதபுரத்திலுள்ள எவரும் ஒரு சதமும் கொடாமல் இதைத் திறக்கலாம். ஆனால் திறந்தால் ஆங்கிலம். மாதிரி கொடுத்த விவசாயியின் மொழி சிங்களம் அல்லது தமிழ்.

அந்தக் கட்டுரைக்கு அந்தத் தாராளமான உரிமம் உண்டு. ஆகவே, இந்தத் தவணையில் விஞ்ஞானக் கழகமும் தமிழ் இலக்கிய மன்றமும் சேர்ந்து அதன் சுருக்கத்தையும் முடிவுரையையும் தமிழாக்கத் தொடங்கியுள்ளன. முதல் நாளே தலைப்பில் சிக்கல். ‘காரணம் அறியப்படாத’ என்றாள் ஒருத்தி. “அப்படியென்றால் ஒன்றுமே தெரியாது என்றல்லவா ஆகும்? கட்டுரை அப்படிச் சொல்லவில்லையே” என்று மற்றவள் மறுத்தாள். ‘காரணம் நிச்சயமற்ற’ என்பது இப்போதைக்கு நிற்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும், ஹொரவப்பொத்தானைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, தன் ஊரில் இதை எல்லோரும் ‘கிட்னி வருத்தம்’ என்றே சொல்வதாகவும், மாதாமாதம் கிளினிக் போகும் தன் உம்மும்மாவுக்கு ‘நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்று வாசித்துக் காட்டினால் விளங்காது என்றும் சொன்னாள். எனவே, தலைப்பில் பாடநூற் சொல்லையும் முதற் பந்தியில் ஊர்ச் சொல்லையும் வைப்பதென முடிவாயிற்று. அந்த ஊர்ச் சொல் மூலக் கட்டுரையில் இல்லாதபடியால், அது எமது சேர்க்கை என்று அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். மாற்றங்களைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா? இன்னும் ஒன்பது பந்திகள் மீதமிருக்கின்றன. வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்டதும் நூலகத்தில் கூடுகிறோம்.